நாற்பத்து நான்காவது பானை

உலகம் முடியப் போகும் நாள் வியாழக்கிழமை என்று செய்தியில் சொன்னபோது பூவரசனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு நாள் பொறுத்து வெள்ளிக்கிழமை முடிந்திருந்தால் என்ன? நூலகத்துக்கு வாராந்திர விடுமுறை வெள்ளி. வியாழன் என்றால் தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் என்ன என்று மேலே இருப்பவர் கேட்பார். கேட்டார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘சொந்த வேலை’ என்று எழுதினான். ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்தது.

வானத்திலிருந்து ஒரு பெரிய கல் வருகிறது, வங்காள விரிகுடாவில் விழுகிறது, அதன் பிறகு யாருக்கும் எந்த வேலையும் இருக்காது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. இதைத் தொலைக்காட்சிக்காரர்கள் ஊர்வாரியாக அட்டவணை போட்டுக் காட்டினார்கள். மரக்காணத்துக்கு மாலை நான்கு நாற்பது. திண்டிவனத்துக்கு நான்கு ஐம்பத்திரண்டு. விழுப்புரத்துக்கு ஐந்து மூன்று. அன்றைக்கே விழுப்புரத்துக்காரர்களின் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. பதினோரு நிமிடம் என்றால் சும்மாவா? திண்டிவனத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு தேடினார்கள். வீட்டுக்காரர்கள் ஆறு மாத முன்பணம் கேட்டார்கள். பதினோரு மாத ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

பூவரசன் திண்டிவனத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். வயது நாற்பத்து நான்கு. அவனைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அரசாங்கம் வேறு எந்த வேலையையும் கொடுத்திருக்க முடியாது. செய்தி வந்த மறுநாளிலிருந்து நூலகத்தில் கூட்டம். படிக்க அல்ல, திருப்பிக் கொடுக்க. எண்பத்தேழில் எடுத்துப் போன சமையல் புத்தகத்தை மஞ்சள் கறையோடு கொண்டுவந்த ஒருவர், அட்டையில் முத்திரை வைத்துத் தரச் சொல்லி நின்றார். மேலே போய் நிற்கும்போது நூலகப் புத்தகம் ஒன்று தன் பெயரில் இருக்கக் கூடாதாம். மனைவியிடம் சின்ன வீடு பற்றிச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்க வாய் வந்தது பூவரசனுக்கு. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. வழக்கம் போலக் கேட்கவில்லை. முத்திரையை வைத்தான்.

வெள்ளிதோறும் பூவரசன் போய்ப் பார்க்கும் வடிவுக்கு, விழுப்புரத்தை ஒட்டிய ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர் வேலை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதுதான் அதில் பெரும்பகுதி. இன்னும் இருபது நாள்தான் என்று தெரிந்த பிறகும் மாடு பிடித்து வருகிறவர்கள் குறையவில்லை. கன்று விழப் பத்து மாதம் ஆகுமே என்று ஒருவரிடம் அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “அது காளைக்குக் கத்துதும்மா. அதுக்கு டிவி பாக்கத் தெரியுமா?” என்று கேட்டார் அவர். அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பதினேழு வருடங்களுக்கு முன்னால், கோமாரி நோய் பற்றிய ஒரு புத்தகத்தைக் கேட்டுக்கொண்டு வடிவு திண்டிவனம் நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் இருந்தது, மாடு சம்பந்தப்பட்டது என்பதால் எவரோ அதைப் பக்தி அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். கண்டுபிடிக்கப் பூவரசனுக்கு மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. அவனே பஸ் ஏறி விழுப்புரம் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தான். ‘சாப்பிட்டுப் போங்க’ என்றாள். வெள்ளிக்கிழமை என்று பாராமல் மத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். அவள் மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை கவுச்சி ஆகாது என்கிற சட்டம் மீனுக்குத் தெரியாது என்பாள். அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் அவன் விழுப்புரத்தில் இருந்தான். அவள் மாடுகளைப் பற்றிப் பேசுவாள், அல்லது பேச மாட்டாள். அவன் படிப்பான், அல்லது சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான்கு மணி நேரம் ஒரு வார்த்தையும் இல்லாமல் கழிந்த நாட்கள் உண்டு. அவற்றைத்தான் அவன் நல்ல நாட்கள் என்று நினைத்திருந்தான்.

இதை என்னவென்று சொல்வது என்று ஊருக்குத்தான் கஷ்டம். திண்டிவனத்தில் ‘விழுப்புரத்தில் ஒன்று வைத்திருக்கிறான்’ என்றார்கள். விழுப்புரத்தில், வடிவின் காதுக்கு எட்டும் தூரத்தில், ‘பாவம், கட்டிக்க மாட்டேங்கறானாம்’ என்றார்கள். பூவரசனுக்குப் பெண்கள் மீது ஆசை வந்ததே இல்லை. ஆசை வந்தது ஆண்கள் மீது. ஒரு கல்லூரி விரிவுரையாளர் இரண்டு வருடம் நூலகத்துக்குத் தினமும் வந்து போனார். பிறகு திருமணம் செய்துகொண்டு ஓசூர் போய்விட்டார். கல்யாணப் பத்திரிகையில் ‘குடும்பத்துடன் வரவும்’ என்று கையால் எழுதி அனுப்பியிருந்தார். அந்த மாதம் முழுக்க வடிவு வாரம் இரண்டு முறை திண்டிவனம் வந்தாள்; சோறு பொங்கி வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். வடிவுக்கோ ஆண், பெண் யார் மீதும் அந்த மாதிரித் தோன்றியதில்லை. பெண் பார்க்க வந்த மூன்றாவது மாப்பிள்ளையிடம் இதை முகத்துக்கு நேராகவே, மரியாதையாகவே சொன்னாள். அன்றோடு அவளுடைய தம்பி சவுரிராயன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவளுடைய அம்மா இறந்தபோது பந்தல்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தவன் பூவரசன். அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இருபத்திரண்டு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவள் வடிவு. அவன் வீட்டுச் சாவியில் ஒன்று அவளிடம் இருந்தது, அவள் வீட்டுச் சாவியில் ஒன்று அவனிடம்.

கல் வரும் செய்திக்குப் பிறகு வந்த முதல் வெள்ளியன்று அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் கிளம்பும்போது மட்டும், “வியாழக்கெழம வந்துடுவ இல்ல?” என்று கேட்டாள். தலையசைத்தான். ஊரெல்லாம் கடைசி நாளைக்கு யாரோடு இருப்பது என்று அழுது, சண்டை போட்டு, பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் விஷயம் இப்படி ஒரு தலையசைப்பில் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

திங்கட்கிழமை அண்ணன் திருமுருகன் நூலகத்துக்கு வந்தார், அண்ணி வெண்ணிலாவோடு. பெருமுக்கல் மலையடியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் பயிர் போடுகிறவர். இருபது வருடத்தில் அவர் நூலகத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. வாசலில் செருப்பைக் கழற்றினார்; புத்தக அலமாரிகளைச் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தார்; பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

அவர்களுடைய குலதெய்வம் பச்சைவாழியம்மன். ஆடி மாதம் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பானை. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் எத்தனை நரைத்தாலும் அப்பன் அல்லது அண்ணன் பானையில் ஒரு வாய். கடைசி நாளான வியாழக்கிழமை காலையில் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்பதாக முடிவாகியிருந்தது. அதற்கு உத்தரவு கேட்டுப் பெரியப்பா பாண்டுரங்கன் சாமியாடினார். அம்மன் அவர் மீது இறங்கி, கல் ஏன் வருகிறது என்கிற காரணத்தையும் சொல்லிவிட்டாள். வம்சத்தில் ஒருத்தன் தலைக்கட்டாகாமல் நிற்கிறான். அந்தக் குறைதான். அவனும் ஒரு பானை வைத்துவிட்டால் கல் திரும்பிப் போய்விடும்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அவரவர் அம்மன் வேறு வேறு காரணங்களைச் சொல்லியிருந்தாள். ஒரு ஊரில் பாதியில் நின்ற கோபுர வேலை. இன்னொன்றில் ஓடிப்போன ஒரு பெண். பூமியை நோக்கி வரும் கல் இத்தனை பேருடைய குடும்ப விவகாரங்களையும் சுமந்துகொண்டு வருகிறதே என்று பூவரசனுக்கு அதன் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அண்ணனிடம் தீர்வும் தயாராக இருந்தது. அந்த விழுப்புரத்து அம்மாவை வியாழக்கிழமை காலையில் கோயிலில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டியது. குப்பத்துப் பெண் என்பதால் பதினேழு வருடமாக அந்தப் பேச்சை எடுக்கவே விடாதவர்கள், இப்போது சாதி பார்க்க நேரமில்லை என்று பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தாலிக்குப் பொன் உருக்கக் கொடுத்தாயிற்று.

“இன்னாடா சொல்ற?” என்றார் அண்ணன்.

பூவரசன் பதில் சொல்லத்தான் ஆரம்பித்தான். மனதுக்குள். நிறையப் படிக்கிறவனுக்கு உள்ள சனியன் அது. முதல் வாக்கியம் சரியாக அமையாமல் வாய் திறக்காது. ‘அண்ணா, நீங்கள் நினைப்பது போல’ என்று தொடங்குவதா, ‘எனக்கும் வடிவுக்கும் இருப்பது’ என்று தொடங்குவதா? இருப்பது என்றால், என்ன இருப்பது? அண்ணன் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டார். வாக்கியத்துக்குப் பயனிலை கிடைப்பதற்குள் எழுந்து நின்று அவன் தோளைத் தட்டினார். “மௌனம் சம்மதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க” என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நாளை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது; வடிவின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவளிடமும் சொல்லாமல் திரும்பினான். போன் செய்யாததற்கு வாக்கியம் மட்டும் காரணமில்லை. உள்ளே ஒரு மூலையில், இதுவும் நல்லதுதானே என்று ஒரு குரல் இருந்தது. ஒரு மஞ்சள் கயிறு. அதன் பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடைசி நாளில் வடிவு பக்கத்தில் இருப்பாள். தான் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்தக் குரலை அவன் அடக்கவில்லை. அவன் எதைத்தான் அடக்கினான், எதைத்தான் பேச விட்டான்?

மறு புதன்கிழமை, எட்டு நாள் மிச்சமிருந்தபோது, கால்நடைத் துறையின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்காக வடிவு திண்டிவனம் வந்தாள். அடுத்த காலாண்டுக்கான இலக்கு குறித்து விவாதம் என்று சுற்றறிக்கை போயிருந்தது. பஸ் மேம்பாலத்தை விட்டு இறங்கும்போது எதிரே இருபதடி உயரத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள்.

ஃப்ளெக்ஸ் பேனர். ‘உலக நலன் கருதி நடைபெறும் திருமணம்’ என்று மேலே. இடப்பக்கம் பூவரசன், அரசு அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய முகம். வலப்பக்கம் வடிவு. திருமுருகனுடைய மாட்டுக்கு எப்போதோ ஊசி போடப் போனபோது யாரோ எடுத்த படம். மாட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு காது மட்டும் அவள் தோளுக்கு மேலே மிச்சம் இருந்தது. கீழே இரண்டு வரிசையாக அண்ணனுடைய நண்பர்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, உலகத்தைக் காப்பாற்றத் தயாராக.

கூட்டத்துக்குப் போகாமல் நேரே நூலகத்துக்கு வந்தாள். உள்ளே ஒரே ஒரு பெரியவர் செய்தித்தாளில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வடிவு பூவரசனின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்த மாட்டுக் காதயாவது ஒழுங்கா வெட்டியிருக்கலாம்” என்றாள்.

அவன் பேனா மூடியைக் கழற்றி மாட்டினான்.

“உங்கண்ணன் கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“அதத்தான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் சொல்லல?”

பெரியவர் பக்கத்தைத் திருப்பினார். பூவரசன் கடைசியில், “எப்படியும் ஒண்ணாத்தான இருக்கப் போறோம். அவுங்க ஒரு பேரு வெச்சிக்கினா வெச்சிக்கட்டும்னு நெனச்சேன்” என்றான்.

சொன்ன உடனேயே அது எவ்வளவு மட்டமான வாக்கியம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நாள் செதுக்கி, கடைசியில் வாயிலிருந்து வந்தது இது.

வடிவு கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “பதினேழு வருசமா எவன் எவனோ எனக்குப் பேரு வெச்சான்” என்றாள். “வெப்பாட்டின்னான். மலடின்னான். தம்பி பொண்டாட்டி இன்னும் இன்னான்னாவோ சொன்னா. கேட்டுக்கினு போய்க்கினே இருந்தேன். ஏன் தெரியுமா? ஒருத்தன் மட்டும் எனக்கு ஒரு பேரும் வெக்கல. வெள்ளிக்கெழமயானா வந்தான், சாப்டான், சும்மா உக்காந்திருந்தான். அது போதும்னு இருந்தேன். இப்ப நீயும் பொண்டாட்டின்னு இருவது அடில எழுதி வெச்சிட்ட.”

“நான் எழுதலயே வடிவு.”

“வாய மூடிக்கினு இருந்து எழுதிட்ட.”

அவள் எழுந்தாள். வியாழக்கிழமை தன் வீட்டில்தான் இருக்கப்போவதாகச் சொன்னாள். அவன் அங்கே வருவதாக இருந்தால், எதற்கு வருகிறான், எதற்கு வரவில்லை என்பதை முதலில் அவர்களிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். தன்னிடம் சொல்ல வேண்டாம், தனக்குத் தெரியும். அங்கே, எல்லோர் முன்னாலும். “சொல்ல முடியலன்னா வராத. நான் தனியாவே பாத்துக்குவேன், எனக்கு ஒண்ணும் பயமில்ல” என்றவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். “பொய். பயமாத்தான் இருக்குது. ஆனா வராத.”

பூவரசன் அன்று மாலை அண்ணனுக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினான். மிக நல்ல கடிதம். படித்தால் கண் கலங்கும். நூலகத்தில் வைத்தால் இலக்கியம் அலமாரியில் வைக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், அண்ணன் ஆறாவதோடு பள்ளியை விட்டவர். கடிதம் படித்துக் காட்ட அவர் கூப்பிடும் ஆள் தம்பி பூவரசன்தான். கிழித்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை பழக்கத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போனான். வீடு பூட்டியிருந்தது. சாவி அவன் பையில் இருந்தது. திறக்கவில்லை. மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தான். பதினேழு வருடத்தில் அவன் உட்கார்ந்திருந்த மௌனங்களிலேயே அதுதான் கேவலமானது. மற்ற மௌனங்களில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதை அன்றுதான் கவனித்தான்.

அண்ணனுக்குப் போன் செய்தான். சாமியானா இறங்குகிறது, அப்புறம் பேசு என்றார். மறுநாள் செய்தான். மேளக்காரர்கள் இரண்டு மடங்கு கேட்கிறார்கள், ஒரே பேஜாராக இருக்கிறது என்றார். மணப்பெண்ணை அழைத்துவர வண்டிக்குச் சொல்லியாயிற்று என்றும் சொன்னார். பூவரசன் “அண்ணா” என்றான். “எல்லாம் நான் பாத்துக்கறன்டா, நீ ஜல்தியா வந்து சேரு” என்று வைத்துவிட்டார். அவனுக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது, அவனுக்குப் பதிலாகப் பேசுவது, அவர் எட்டு வயதிலிருந்து செய்துவரும் வேலை. கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் பூவரசன் எப்போதோ பேசியிருப்பான்.

வியாழக்கிழமை விடிந்தது. வெயில் வழக்கம் போல அடித்தது. கோயிலில் சிமெண்டுச் சிலையாக உட்கார்ந்திருந்த காவல்தெய்வம் வாழ்முனியின் மடி உயரத்துக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முனியின் நிழலில் நாற்பத்து மூன்று பானைகள் மூன்று வரிசையாக இருந்தன. நாற்பத்து நான்காவது பானை புதுசு. மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டி, காலி அடுப்பின் மேல் தனியாக இருந்தது. அண்ணி பூவரசனுக்கு ஒரு பட்டு வேட்டியைக் கட்டிவிட்டாள். மணப்பெண்ணை அழைக்கப் போன வண்டி இன்னும் வரவில்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. ரோட்டில் டிராஃபிக் அப்படி என்று அண்ணன் எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பானையில் அரிசி போடுவதற்கு முன்னால் பெயர் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். பெரியப்பா பாண்டுரங்கன் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு தலைக்கட்டாகக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவன் ‘இருக்கேன் தாயே’ என்று சொல்லிவிட்டு அரிசியைப் போட வேண்டும். சொல்லாதவன் அரிசி போட முடியாது. நாற்பத்து மூன்று பேர் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் போட்ட வழக்கு இன்னும் கோர்ட்டில் இருந்தது. அவர்களும் அம்மன் சாட்சியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

“நாப்பத்தி நாலாவது தலக்கட்டு. பூவரசன்.”

அவனுடைய பெயரை அந்த ஸ்பீக்கர் இதுவரை சொன்னதில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. பக்கத்திலிருந்து அண்ணன், “இருக்கான் தா…” என்று ஆரம்பித்தார்.

பூவரசன் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினான். பெரியப்பாவிடம் போய் மைக்கை வாங்கினான்.

“நான் தலக்கட்டு இல்லீங்க” என்றான். வாழ்முனியின் மடியிலிருந்து அவன் குரல் ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. “கல்யாணம் நடக்காது. வண்டி வராது. வடிவு எனக்குப் பொண்டாட்டி கெடையாது. வெச்சிக்கினு இருக்கறதும் கெடையாது. எனக்குப் பொம்பளைங்க மேல ஆச வந்ததில்ல. ஆம்பளைங்க மேலதான் வந்துச்சி. அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு யாரு மேலயும் வராது. அது எனக்குத் தெரியும். இத நான் அண்ணன் கேட்டன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு. இன்னைக்கு அவ இருக்கற எடத்துல நான் இருக்கணும். அவ்ளோதான். நான் போறேன்.”

முப்பது வருடமாக அவன் எதை நினைத்துப் பயந்தானோ அது நடந்துவிட்டது. ஊரே கேட்டுவிட்டது. பூமி பிளக்கவில்லை; அதற்கு மாலை நான்கு ஐம்பத்திரண்டு வரை நேரம் இருந்தது. பெண்கள் பக்கமிருந்து முதலில் வந்த கேள்வி, அப்போது அந்தப் பானையை யார் எடுத்துக்கொள்வது என்பது. அடுத்தது, அலங்காரம் செய்த பானையைக் காலியாக வைத்தால் அபசகுனம் ஆயிற்றே என்பது. மூன்றாவதாகத்தான் ஒருவர், “அப்ப ஒலகம் அழிஞ்சா பரவால்லன்றியா?” என்று கேட்டார்.

பெரியப்பா கண்ணை மூடினார். கூட்டம் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மன் அவர் மூலமாகத் தன் முடிவைச் சொன்னாள்: நாற்பத்து மூன்றே போதும், எலுமிச்சம்பழம் ஒன்று கூடுதலாக அறுத்தால் சரியாகிவிடும். யாரோ எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார்கள். பதினேழு வருட அவதூறுக்கும் பத்து நாள் பேனருக்கும் மாற்று ஒரு எலுமிச்சம்பழம்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் பூவரசன் ஒரு கூடை வாங்கி வைத்திருப்பான்.

அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். அவர் முகம் வெயிலில் வதங்கிய மல்லாட்டைச் செடி போல இருந்தது.

“இருவது வருசம் முன்னாடி சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்” என்றார்.

“தெரியும்ணா.”

“பத்து வருசம் முன்னாடி சொல்லியிருந்தா அழுதிருப்பேன்.” தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். “இப்ப சொல்ற. இப்ப இன்னாடா பண்றது நான்? எதுக்கும் டைம் இல்ல.”

அண்ணன் திரும்பித் தன் பானைக்குப் போய்விட்டார். அண்ணி ரோடு வரைக்கும் வந்தாள். வேட்டி உங்கண்ணனுது, பரவாயில்லை, கட்டிக்கொண்டே போங்கள் தம்பி என்றாள்.

மரக்காணத்திலிருந்து வரும் ரோடு முழுக்க வண்டிகள் மேற்கே போய்க்கொண்டிருந்தன. ஒரு குட்டியானை சரக்கு வண்டி நின்று அவனை ஏற்றிக்கொண்டது. பின்பக்கம் ஒரு மீனவக் குடும்பம். பாத்திரம், பாய், ஆடு ஒன்று, எல்லாவற்றுக்கும் கீழே மலையாக வலை. வலை எதற்கு என்று அவன் கேட்டான். ஒரே நாளில் இரண்டாவது முறையாகத் தானாக வாய் திறந்தது அவனுக்கே ஆச்சரியம். “இதெல்லாம் முடிஞ்சதும் தொழிலுக்குப் போவ வாணாமா?” என்றார் வலைக்காரர். அவருக்கு எலுமிச்சம்பழமும் தேவைப்படவில்லை.

திண்டிவனத்தில் பஸ் கிடைத்தது. டிரைவருக்கும் விடுப்பு பரிசீலனையில் இருந்திருக்க வேண்டும். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஊர்ந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஆளே இல்லை, தடுப்புக் கட்டைகளும் தூக்கியே இருந்தன; ஆனாலும் வண்டிகள் வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக நின்று நின்று போயின. பூவரசன் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வந்தான், பட்டு வேட்டியில். ஒருவர் கல்யாணமா என்று விசாரித்தார். இல்லை என்றான். அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விழுப்புரத்தில் அவள் வீட்டு மாடிப்படி ஏறும்போது மணி இரண்டே முக்கால். சாவி இருந்தும் கதவைத் தட்டினான்.

வடிவு கதவைத் திறந்து, அவனை விட்டுவிட்டு வேட்டியைப் பார்த்தாள்.

“கட்டிக்கினு வந்துட்டியா?”

“வேட்டி மட்டும்தான்.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“யாரு யாரு இருந்தாங்க?”

“எல்லாரும். மைக்குல சொன்னேன்.”

“மைக்குலயா?” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று முதலில் அவனுக்குத் தெரியவில்லை. சிரிப்பும் வேறொன்றும் சேர்ந்துதான் இருந்தது. உள்ளே வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, என்ன சொன்னான் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவன் திரும்பச் சொன்னான். பொண்டாட்டி கெடையாது, வெச்சிக்கினு இருக்கறதும் கெடையாது.

“கெடையாது, கெடையாதுன்னே சொல்லியிருக்க. இன்னான்னு சொல்லலியா?”

“அதுக்கு வார்த்த கெடைக்கல.”

“லைப்ரரில வேல. வார்த்த கெடைக்கலியாம்.”

“இருவதாயிரம் புஸ்தகம் இருக்குது. எதுலயும் இல்ல வடிவு.”

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வண்டிக்காரன் காலையிலேயே வந்ததாகவும், டீ போட்டுக் கொடுத்து, வரப்போவதில்லை என்று சொல்லி, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இரு என்று அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். பதினோரு மணியிலிருந்து சன்னல் ஓரமாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை. சன்னல் திண்டில் நான்கு டீ டம்ளர் இருந்தன.

அவன் பேசினான். அண்ணனின் முகத்தைப் பற்றிச் சொன்னான். டைம் இல்லை என்று அவர் சொன்னது நெஞ்சில் நிற்கிறது என்றான். போன வெள்ளிக்கிழமை படியில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். அவள் உள்ளேதான் இருந்தாளாம். வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்தாளாம். ஒரு மணி நேரமும் கதவின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாளாம். “கூப்பிட்டிருந்தா தொறந்திருப்பேனோ என்னமோ” என்றாள். “நீ கூப்பிடல.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சின்னபொண்ணு மூச்சு வாங்க ஏறி வந்தாள். கதவருகில் நின்று, தரையில் உட்கார்ந்திருந்த பட்டு வேட்டிக்காரனைப் பார்த்தாள். பிறகு வடிவைப் பார்த்தாள். மணி மூன்றே கால். இனிமேல் கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“இவரு ஒனக்கு யாரும்மா?” என்றாள்.

பூவரசன் வடிவைப் பார்த்தான். வடிவு அவனைப் பார்த்தாள்.

“இவரு பூவரசன்” என்றாள் வடிவு.

சின்னபொண்ணு தலையசைத்தாள். ஏதோ ஒரு பதில் கிடைத்துவிட்ட நிம்மதியில் வந்த விஷயத்துக்குப் போனாள். நேற்று ராத்திரி ஞாபகமில்லாமல் நாளைக்கும் சேர்த்து மாவு ஆட்டிவிட்டாளாம். ஒரு குண்டான் நிறைய இருக்கிறது. வீணாகப் போகக் கூடாது. கீழே கல்லைப் போட்டிருக்கிறாள். “அவரு எத்தன தோச சாப்டுவாரு?” என்று வடிவிடம் கேட்டாள்.

“நாலு” என்றான் பூவரசன்.

வடிவு எழுந்து தட்டு இரண்டை எடுத்துக்கொண்டாள். நேற்றைய நெத்திலிக் குழம்பு இருக்கிறது, அதையும் கொண்டுவரட்டுமா என்று சின்னபொண்ணைக் கேட்டாள். வியாழக்கிழமை கவுச்சியா என்று ஒரு கணம் யோசித்தாள் சின்னபொண்ணு. பிறகு கொண்டுவா என்றாள்.